தொலைநோக்கிக்குச் சுருதி சேர்த்தல்

வீட்டிற்குப் புதிதாக ஒரு வீணை வந்தால், உறையிலிருந்து எடுத்த மாத்திரத்தில் அதில் யாரும் கீர்த்தனை வாசிக்கத் தொடங்குவதில்லை. பிருடைகளைத் திருகிச் சுருதி கூட்டிய பிறகே விரல்கள் தந்தியின் மேல் ஓடும். தொலைநோக்கியின் விஷயத்தில் மட்டும் இந்தப் பொறுமையை நம்மவர்கள் மறந்துவிடுகிறார்கள். பெட்டி வந்து இறங்கிய அன்று மாலையே குழலை மொட்டை மாடிக்கு ஏற்றி, அடுத்த வீட்டாரையும் அழைத்து, சனிக் கிரகத்தின் வளையத்தைக் காட்டுவதாக வாக்களித்துவிடுகிறார்கள். தெரிவதோ, கொதிக்கும் நீரினடியில் கிடக்கும் வெள்ளைப் பொட்டைப் போல் நடுங்கும் ஒரு மங்கல் ஒளி! குழந்தைகள் முகம் வாடி இறங்கிப் போகின்றன. மூன்றாம் வாரம் அந்தக் கருவி பரண் மேல் பழைய அண்டாவுக்குத் துணையாக உட்கார்ந்துவிடுகிறது. நடுத்தரக் குடும்பம் ஒன்று பலமுறை யோசித்துச் செய்த செலவு அது. அதனுடன் ஒரு குழந்தையின் ஆவலும் பரணேறிவிடுகிறது.

இதில் கருவியின் குற்றம் ஏதுமில்லை. அதோடு வரும் குறிப்புப் புத்தகம் பெரும்பாலும் குளிர்தேசத்தாரை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. நம்முடைய வானம் வேறு, காற்று வேறு, மாடியும் வேறு. ஆகவே, வந்த கருவியை நமது இடத்திற்கு ஏற்பத் திருத்திக்கொள்வது நம் பொறுப்பாகிறது. நல்ல வேளையாக, இன்று வீடுகளில் அதிகமாக வாங்கப்படும் டாப்ஸோனியன் என்னும் வகை, இப்படித் திருத்துவதற்கென்றே பிறந்தது போல் எளிமையானது.

அதன் பெயருக்குரிய ஜான் டாப்ஸன் 1915-ஆம் ஆண்டில் பீகிங் நகரில் பிறந்து, அமெரிக்காவில் வளர்ந்து, கலிபோர்னியா சர்வகலாசாலையில் ரசாயனம் படித்தவர். 1944-இல் அவர் ஸான் பிரான்ஸிஸ்கோ வேதாந்த சங்கத்தின் மடத்தில் சேர்ந்தார். 1900-ஆம் ஆண்டில் சுவாமி விவேகானந்தர் நிறுவிய சங்கம் அது. பணமில்லாத துறவிக்கு விலையுயர்ந்த ஆடிகள் எங்கிருந்து கிடைக்கும்? கப்பல்களின் ஜன்னல்களிலிருந்து கழற்றிய தடித்த வட்டக் கண்ணாடிகளைக் கையாலேயே தேய்த்துக் குழியாடிகளாக்கினார். அட்டைக் குழல்களிலும் மரப்பெட்டிகளிலும் அவற்றைப் பொருத்தினார். இரவில் அவற்றைத் தெருவிற்குத் தள்ளிக்கொண்டு போய், வழிப்போக்கர்களை நிறுத்திச் சந்திரனைக் காட்டினார். இந்த நடமாட்டம் மடத்து ஒழுங்கிற்குப் பொருந்தாமற் போகவே, 1967-இல் மடத்தை விட்டு விலக நேர்ந்தது. அடுத்த ஆண்டில், நடைபாதையில் நின்று வானம் காட்டும் சங்கம் ஒன்று அவரைச் சூழ்ந்து உருவாயிற்று. 2014-இல் தமது 98-ஆம் வயதில் காலமாகும் வரை அவர் இந்தத் தொண்டை விடவில்லை.

அவருடைய அமைப்பைப் பழைய பீரங்கி வண்டிக்கு ஒப்பிடலாம். குழலின் இருபுறமும் இரண்டு வட்டக் காதுகள். அவை ஒரு பெட்டியின் பள்ளங்களில் அமர்ந்து குழலை மேலும் கீழும் சாய விடுகின்றன. பெட்டி, அடிப்பலகையின் மேல் வலமும் இடமுமாகச் சுழல்கிறது. உராய்வுள்ள இடங்களில் டெஃப்லான் துண்டுகள். மோட்டார் இல்லை, பல்சக்கரம் இல்லை. நியூட்டன் 1668-இல் செய்த பிரதிபலிப்புத் தொலைநோக்கியின் தத்துவமே உள்ளே இருக்கிறது. அடியிலுள்ள பெரிய குழியாடி ஒளியைத் திரட்டி மேலே அனுப்ப, வாயருகே சாய்ந்து நிற்கும் சிறிய ஆடி அதைப் பக்கவாட்டில் கண்ணருகு வில்லைக்குத் திருப்புகிறது. வீட்டிற்குப் போதுமான அளவு என்று நான் சொல்வது, 200 மில்லிமீட்டர் ஆடியும் 1200 மில்லிமீட்டர் குவியதூரமும் கொண்டது. இருளில் நன்றாக விரிந்த கண்மணியைக் காட்டிலும் ஏறக்குறைய 800 மடங்கு ஒளியை அது திரட்டும்.

பெட்டியைப் பூட்டுவதற்கு முன்பே முதல் திருத்தம் தொடங்க வேண்டும். கடைகளில் வரும் கருவிகளின் அடிப்பீடம் பலவும் மரத்தூளை அழுத்திச் செய்த பலகையே. மேலே வழவழப்பான பூச்சு இருக்கும். வெட்டுவாயிலும் திருகுத் துளைகளிலும் தூள் வெளியே தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்து ஈரம் அந்த வழியாகப் புகுந்தால் பலகை ஊறிய அப்பளம்போல் உப்பிவிடும். ஆதலால் எல்லா ஓரங்களுக்கும் இரண்டு முறை வார்னிஷ் பூசி, நன்றாக உலர்ந்த பிறகு முடுக்குவது நலம். நாளடைவில் பீடம் கெட்டாலும் கவலையில்லை. அதே அளவில் நல்ல ஒட்டுப்பலகையில் செய்து தர நம் ஊர்த் தச்சரே போதும். டாப்ஸன் தம் அமைப்புக்கு உரிமைப் பட்டயம் எதுவும் எடுத்து வைக்கவில்லை.

அடுத்து வருவது சுருதி. இரண்டு ஆடிகளும் ஒன்றையொன்று நேராகப் பார்த்தாலொழிய உருவம் கூர்மையாகாது. மாடிப்படியில் தூக்கிச் செல்லும் அதிர்ச்சியிலேயே அவை சற்று விலகிவிடும். பழைய ஃபிலிம் சுருள் டப்பா ஒன்று மேஜை அறையில் கிடந்தால் அதுவே போதுமான உபகரணம். அடியை வெட்டிவிட்டு, மூடியின் நடுவில் ஊசித்துளை இட்டு, வில்லை வைக்கும் இடத்தில் செருகுங்கள். பகல் வெளிச்சத்தில் குழலைப் படுக்கை வாட்டமாக வைத்துப் பாருங்கள். திருகாணி கை தவறினாலும் ஆடியின் மேல் விழாது. முதலில் சிறிய ஆடியின் மூன்று திருகுகளைச் சிறிது சிறிதாக அசைத்து, பெரிய ஆடி முழுவதும், அதைப் பிடித்திருக்கும் கொக்கிகளோடு, அதற்குள் வட்டமாகத் தெரியும்படி செய்ய வேண்டும். பிறகு அடியிலுள்ள திருகுகளால், பெரிய ஆடியின் மையத்தில் ஒட்டியிருக்கும் வளையத்தை ஊசித்துளையின் பிம்பத்தோடு பொருத்த வேண்டும். முதல் நாள் அரைமணி நேரம் ஆகும். பழகியபின் இரண்டு நிமிஷம்.

சரியாக அமைந்ததா என்பதற்கு நட்சத்திரமே சாட்சி. நடுத்தரப் பிரகாசமுள்ள ஒன்றைப் பார்வையின் மையத்தில் நிறுத்தி, குவியத்தைச் சற்றே கலைத்தால், குளத்தில் கல் விழுந்தாற்போல் வட்டத்துக்குள் வட்டமாக ஒளி விரியும். வட்டங்கள் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால் திருகுகளை இன்னும் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

இனி, நம் நாட்டுக்கே உரிய சிக்கலுக்கு வருகிறேன். குளிர்தேசத்துக் குறிப்பு, வெதுவெதுப்பான வீட்டிலிருந்து குளிர்ந்த வெளியில் வரும் ஆடி ஆறுவதற்கு அவகாசம் கொடுக்கச் சொல்லும். நம்மிடத்தில் பெரிய உபத்திரவம் ஆடியைக் காட்டிலும் தளத்தில் இருக்கிறது. பகலெல்லாம் வெயிலை விழுங்கிய காங்கிரீட் மாடி, இரவு வெகு நேரம் வரை அதைத் திருப்பி உமிழ்ந்துகொண்டே இருக்கிறது. காய்ந்த தோசைக்கல்லின் மேல் காற்று நெளிவதைச் சமையலறையில் எல்லோரும் கண்டிருப்பீர்கள். அந்த நெளிவின் ஊடே சனியைப் பார்த்தால் வளையம் எப்படிப் புலப்படும்? அந்தி சாயும்போதே தளத்தில் தண்ணீர் தெளித்துவிடுவதும், கிரகங்களைக் காண இரவு பத்து மணி வரை காத்திருப்பதும் பெரிதும் உதவும். மண் தரையோ புல் தரையோ உள்ள கொல்லைப்புறம் வாய்த்தவர்கள் மாடியை மறந்துவிடலாம். கணினிக்குள் சுழலும் சிறிய விசிறி ஒன்றை ஆடியின் பின்புறம் பொருத்தி, 12 வோல்ட் மின்கலத்தால் ஓட்டினால், ஆடி சீக்கிரம் வெளிக்காற்றின் சூட்டோடு ஒத்துப்போகும்.

குளிர்சாதன அறையில் கருவியை வைக்கலாகாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். குளிர்ந்த ஆடியை ஈரக் காற்றில் கொண்டுவந்தால், பனிக்கட்டி போட்ட மோர்த் தம்ளரைப்போல் அது வேர்த்துவிடும். அப்படி வேர்த்தால் துணியால் துடைக்காதீர்கள். ஆடியின் முகத்திலுள்ள அலுமினியப் பூச்சு ஒரு மில்லிமீட்டரில் சுமார் பதினாயிரத்தில் ஒரு பங்கு கனமே உடையது. தானாக உலர விடுவதே அதற்கு மரியாதை. மார்கழிப் பனிக்குக் குழலின் வாயில் கறுப்பு அட்டையை ஒரு முழ நீளம் சுருட்டிக் கட்டினால், பனியும் அக்கம்பக்கத்து விளக்கொளியும் ஒருசேரத் தடைபடும்.

மற்றொரு வேற்றுமை வானத்தின் உச்சியில் இருக்கிறது. சென்னை 13 பாகை அட்சரேகையில் உள்ளது. ஆண்டுக்கு இருமுறை சூரியன் நம் தலைக்கு நேரே வருகிறது. சூரியன் செல்லும் பாதையை ஒட்டியே கிரகங்களும் செல்வதால், குருவும் செவ்வாயும் நமக்கு உச்சியை நெருங்கி ஏறுகின்றன. லண்டனில் இருப்பவருக்கு அந்தத் தொல்லை கிடையாது. டாப்ஸோனியன் கருவியின் பலவீனமான இடமும் உச்சிதான். குழல் செங்குத்தாக நின்றபின், கிரகம் இம்மியளவு நகர்ந்தாலும் அதைத் தொடரப் பெட்டி முழுவதையும் வெகுவாகச் சுழற்ற வேண்டியிருக்கும். ஆகவே உச்சிக்கு வருவதற்கு ஒரு மணி முன்னதாகவோ பின்னதாகவோ பார்ப்பது நல்லது. சுழற்சியும் வெண்ணெய்போல் இருக்க வேண்டும். நடு அச்சாணியில் மெல்லிய பிளாஸ்டிக் வில்லைகள் இரண்டு மூன்றை வெட்டிப் போட்டுப் பாருங்கள். அவை பாரத்தில் ஒரு பகுதியைத் தாங்கிக்கொள்வதால், டெஃப்லான் துண்டுகளின் மேல் அழுத்தம் குறைந்து, விரல் நுனி பட்டாலே பெட்டி திரும்பும். அதிகம் போட்டால் பெட்டி தள்ளாடும்.

கனமான வில்லையை மாட்டியதும் குழல் தலை கவிழ்ந்தால், அடிப்பக்கத்தில் எதிர்ப்பாரம் வேண்டும். குழல் இரும்புத் தகடாயிருந்தால் காந்தத் துண்டுகள் ஒட்டிக்கொள்ளும். இல்லாவிட்டால் மணல் நிரப்பிய சிறு துணிப்பை ஒன்றே போதும்.

நட்சத்திரத்தைத் தேடிப் பிடிப்பதுதான் புதியவரைக் களைப்படையச் செய்வது. வழிகாட்டிக் குழலைப் பகலிலேயே தூரத்துக் கோபுரக் கலசத்தின் மேல் நிறுத்தி ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம். சூரியன் இருக்கும் திசைப் பக்கம் மட்டும் குழலைத் திருப்பவே கூடாது. கணப்பொழுதில் கண் போய்விடும். விடியற்காலையில் மூடாமல் விட்டுவைத்த குழியாடி, வெயிலைக் குவித்துத் தீயும் வைக்கும். எனக்கு மிகவும் பிடித்த திருத்தம் ஒன்று உண்டு. அடிப்பலகையைச் சுற்றி 360 பாகைகள் குறித்த காகித வட்டத்தை ஒட்டி, குழலின் மேல் தச்சர்கள் உபயோகிக்கும் எண்காட்டும் சாய்வுமானியை வைத்துவிடுவது. கைபேசியிலுள்ள வான வரைபடம், ஒரு நட்சத்திரம் அந்நேரம் எத்திசையில் எத்தனை பாகை உயரத்தில் இருக்கிறது என்பதைக் கூறிவிடும். ஏழாம் வகுப்புப் பிள்ளை அந்த இரண்டு எண்களையும் பொருத்தி நெபுலாவைத் தானே பிடித்துவிடும்போது, கோண அளவியல் என்பது பரீட்சைக்காக ஏற்பட்டதன்று என்று நான் வகுப்பில் பிரசங்கம் செய்யவேண்டிய அவசியம் இராது.

தெருவிளக்கு இன்னொரு பகை. துணி உலர்த்தும் கொடியில் கனத்த ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டால் பாதி தீர்ந்தது. மீதிப் பாதிக்கு, அந்தக் காலத்துப் படக்காரர்களைப் போல் தலையோடு ஒரு கறுப்புத் துணியைப் போர்த்திக்கொள்ள வேண்டும். கண் இருளுக்குப் பழக அரைமணி ஆகும். நடுவில் ஒருவர் கைபேசியைத் திறந்தால் அத்தனையும் வீண். கைவிளக்கிற்குச் சிவப்புக் காகிதம் சுற்றிக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்தபின் தெரிவது என்ன? பௌர்ணமிச் சந்திரனைவிட அஷ்டமிச் சந்திரன் அழகு. நிழல்கள் நீண்டு மலைகளும் குழிகளும் எழுந்து நிற்கும். கலீலியோ 1610-இல் கண்ட குருவின் நான்கு சந்திரர்களும் தெளிவாகத் தோன்றும். சனியின் வளையங்கள் 2025-இல் விளிம்பு காட்டிக் கோடாக மெலிந்திருந்தன. அதன்பின் மெல்ல விரிந்து வருகின்றன. மிருகசீரிஷ மண்டலத்தின் நெபுலாவோ சாம்பல் நிறத்தில் ஒரு புகைச்சிறகுபோல்தான் இருக்கும். படங்களில் காணும் செம்மையும் நீலமும் அவ்வளவு மங்கிய ஒளியில் நம் கண்ணுக்குப் புலனாகா. இதைக் குழந்தைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஆனால் சித்திரை, வைகாசி இரவுகளில் தெற்கே திருப்பினால், குளிர்தேசத்தார் பலர் தம் ஊரிலிருந்து காணவே முடியாத ஒன்று நமக்குக் கிட்டுகிறது. ஒமேகா ஸென்டாரி என்னும் நட்சத்திரக் கொத்து, சென்னையில் அடிவானத்திலிருந்து 29 பாகைக்கு மேல் ஏறுகிறது. கன்னியாகுமரியில் இன்னும் ஐந்து பாகை அதிகம். ஏறக்குறைய 17,000 ஒளியாண்டு தூரத்தில் ஒரு கோடி நட்சத்திரங்கள் திரண்டிருக்கும் உருண்டை அது. வெறும் கண்ணுக்கு மங்கிய பொட்டு. 25 மில்லிமீட்டர் வில்லையில் 48 மடங்கு பெருகும்போது, கறுப்புப் பட்டில் கல்லுப்பைக் கொட்டிவிட்டாற்போல் இருக்கும்.

அதை 10 மில்லிமீட்டர் வில்லையில் 120 மடங்காக்கிக் காட்டினால், பூமி சுழல்வதால் இரண்டு மூன்று நிமிஷங்களில் காட்சி ஓரம் வழியாக நழுவிப் போய்விடும். அப்போது பெரியவர்கள் விரைந்து வந்து குழலைப் பிடிக்க வேண்டாம். ஒரு சிறிய முக்காலியைப் போட்டு ஏற்றிவிட்டால், குழந்தையே அதைத் தள்ளித் தேடிப் பிடித்துக்கொள்ளும்.