தண்ணீர் ஓடும் பாறைக்குள் ஒரு நடை

இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டுங்கள். சில இடங்களில் இரண்டு உள்ளங்கைகளும் ஒரே நேரத்தில் பாறையைத் தொடும். தலையை நிமிர்த்தினால், ஏறக்குறைய 12 மாடி உயரத்தில் ஒரு நாடா அளவுக்கு நீல வானம். காலடியில் மெத்தென்ற மணல். வெளியே பாலைவன வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, உள்ளே நிழலும் குளிர்ச்சியும்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பேஜ் என்ற சிற்றூருக்கு அருகே இருக்கும் மேல் ஆண்டலோப் பள்ளத்தாக்கு இப்படித்தான் இருக்கும். அகலமே இல்லாமல், ஆழம் மட்டும் அதிகமாக இருக்கும் இத்தகைய இடங்களை இடுக்குப் பள்ளத்தாக்கு எனலாம். இதன் நீளம் அதிகமில்லை. தரை ஏறக்குறைய சமமாக இருப்பதால் சிறு பிள்ளைகளும் தாத்தா பாட்டிகளும்கூட நடந்து பார்க்கிறார்கள்.

நிலம் நவஹோ பழங்குடி மக்களுடையது. அவர்களின் அனுமதி பெற்ற வழிகாட்டி இல்லாமல் உள்ளே போக முடியாது. நவஹோ மொழியில் இந்த இடத்தின் பெயர் ‘சே பிகானிலினி’. பாறைகளின் ஊடே தண்ணீர் ஓடும் இடம் என்று பொருள். ஒரு சொட்டு ஈரமும் இல்லாத மணலில் நின்றுகொண்டு இந்தப் பெயரைக் கேட்டால் சிரிப்பு வரலாம். பெயர் வைத்தவர்கள் தெரிந்துதான் வைத்தார்கள்.

முதலில் பாறையின் கதை. சுமார் 19 கோடி ஆண்டுகளுக்கு முன், ஜுராசிக் காலத்தில், இந்த வட்டாரம் சகாராவைப் போன்ற மணல் கடல். காற்று மணல்மேடுகளை நகர்த்தி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போனது. பின்னர் மேலே படிந்த படிவுகளின் எடை மணலை அழுத்தியது. நிலத்தடி நீரில் கரைந்திருந்த கால்சைட்டு போன்ற தாதுக்கள் மணல் மணிகளைப் பசைபோல ஒட்டின. அதுதான் இன்றைய நவஹோ மணற்கல். பள்ளத்தாக்கின் சுவர்களில் சாய்வாக ஓடும் மெல்லிய வரிகளைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அவை தண்ணீர் போட்ட கோடுகள் என்றே பலரும் நினைக்கிறார்கள். இல்லை, அவை காற்று போட்டவை. ஒவ்வொரு வரியும் ஒரு பழைய மணல்மேட்டின் சரிவு. வரிகளின் சாய்வைப் பார்த்தே, அன்று காற்று எந்தப் பக்கமிருந்து வீசியது என்பதை நிலவியலாளர்கள் கணித்துவிடுகிறார்கள்.

வரிகள் காற்றுடையவை என்றால், அலை அலையான வளைவுகள்தாம் தண்ணீருடையவை.

நம் ஊர் ஆறுகளுக்கு இரு பக்கமும் அகன்ற சரிவுகள் இருப்பது ஏன்? ஆறு அடியை அரிக்கும்போதே, ஓயாத மழை கரைகளையும் கரைத்துச் சரித்துவிடுகிறது. பேஜ் வட்டாரத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை வழக்கமாக 200 மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. கோலாலம்பூரில் பல மாதங்களில் ஒரே மாதத்துக்குள் அவ்வளவு பெய்துவிடும். ஆகவே அங்கே சுவர்களைச் சரிக்க ஆளில்லை. ஆனால் ஜூலை முதல் செப்டம்பர் வரை, பிற்பகல்களில் திடீரென இடிமழை கொட்டும். மரம் செடி அதிகம் இல்லாத வெற்றுப் பாறை அந்த நீரை உறிஞ்சாது. எல்லாம் வறண்ட ஓடைகளில் இறங்கி, மணலையும் கற்களையும் சுமந்துகொண்டு, பாறையில் இருக்கும் விரிசல் வழியே பாயும். மணல் கலந்த நீர் உப்புத்தாள் மாதிரி. தேய்ப்பது சில மணி நேரம்தான். பிறகு மாதக்கணக்கில் ஓய்வு. இப்படி எண்ணற்ற முறை.

இங்கே ஒரு சிறிய கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு விநாடியில் பாயும் நீரின் அளவு என்பது அகலம், ஆழம், வேகம் மூன்றையும் பெருக்கினால் கிடைப்பது. திறந்தவெளியில் 20 மீட்டர் அகலமுள்ள ஓடையில், அரை மீட்டர் ஆழத்துக்கு, விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் நீர் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 10 கன மீட்டர். முழங்கால் அளவுதானே என்று தோன்றும். அதே நீர் 1 மீட்டர் அகலமுள்ள இடுக்குக்குள் நுழைகிறது. வேகம் மூன்று மடங்கு ஆனாலும்கூட, ஆழம் 3 மீட்டரைத் தாண்டிவிடும். முழங்கால் அளவு நீர், ஒரு வகுப்பறையின் கூரை அளவுக்கு எழும்பிவிட்டது! இடுக்குப் பள்ளத்தாக்குகளில் நடப்பவர்கள் சில சமயம் தலைக்கு மேலே இரு சுவர்களுக்கும் நடுவே சிக்கி நிற்கும் மரக்கட்டையைப் பார்ப்பார்கள். அதை அங்கே யாரும் ஏற்றி வைக்கவில்லை.

ஆண்டலோப்புக்கு மக்கள் திரண்டு வருவது வெளிச்சத்தைப் பார்க்க. கோடைக்கால நண்பகலில் சூரியன் உச்சிக்கு வரும்போது, மேலே உள்ள கீற்று வழியாக ஒளிக்கற்றை நேராகத் தரையில் இறங்கும். காற்றில் மிதக்கும் தூசு ஒளியைச் சிதறடிப்பதால்தான் அந்தக் கற்றை கண்ணுக்குத் தெரிகிறது. தூசு போதாதபோது வழிகாட்டிகளே ஒரு கை மணலை அள்ளி வீசியதுண்டு. பிரபலமான பல படங்களுக்குப் பின்னால் இந்தக் கைவேலை இருக்கிறது. பாறையின் செந்நிறத்துக்கு இரும்பு ஆக்சைடு காரணம். ஒளி ஒரு சுவரில் பட்டு எதிர்ச்சுவருக்குப் போய், மறுபடியும் திரும்பும் ஒவ்வொரு முறையும் நீல நிறம் உறிஞ்சப்பட்டுச் சிவப்பு மிஞ்சும். அதனால்தான் ஆழத்துக்குப் போகப் போகச் சுவர்கள் தணல்போல் ஒளிர்கின்றன.

1997 ஆகஸ்டு 12 அன்று இதே ஓடையின் கீழ்ப்பகுதியான கீழ் ஆண்டலோப்பில் ஒரு குழு நடந்துகொண்டிருந்தது. பள்ளத்தாக்கின் மேலே மழை பெரிதாக இல்லை. ஆனால் பல கிலோமீட்டர் தொலைவில், ஓடை தொடங்கும் பக்கத்தில் இடிமழை கொட்டியிருந்தது. அந்த நீர் சுவர்போல வந்து சேர்ந்தது. சுற்றுப்பயணிகள் 11 பேர் மாண்டனர். அவர்களோடு இருந்த வழிகாட்டி ஒருவர் மட்டுமே பிழைத்தார். அதன் பிறகு அங்கே மர ஏணிகளுக்குப் பதிலாகப் பாறையில் முடுக்கப்பட்ட இரும்புப் படிக்கட்டுகள் வந்தன. வானிலை எச்சரிக்கைகளைக் கேட்க வானொலியும் உண்டு. மழை அபாயம் இருந்தால் பயணம் ரத்து. பணம் கட்டிவிட்டோமே என்று வாதாடிப் பயனில்லை.

வழிகாட்டி இருக்கும் இடத்தில் முடிவெடுப்பது அவர் வேலை. எல்லா இடத்திலும் அப்படி இல்லை. பக்கத்து மாநிலமான யூட்டாவில் லிட்டில் வைல்டு ஹார்ஸ் என்ற இடுக்குப் பள்ளத்தாக்கு இருக்கிறது. குடும்பங்கள் விரும்பிப் போகும் இன்னோர் எளிய நடை அது. பக்கத்தில் உள்ள பெல் பள்ளத்தாக்கையும் சேர்த்துச் சுற்றிவந்தால் சுமார் 13 கிலோமீட்டர். பிள்ளைகளுக்கு அவ்வளவு வேண்டாம், இடுக்கு வரை போய்த் திரும்பினாலே போதும். அங்கே வழிகாட்டி கட்டாயமில்லை. போகலாமா வேண்டாமா என்பதை அப்பாவும் அம்மாவும்தான் முடிவு செய்ய வேண்டும். தலைக்கு மேலே தெரியும் நாடா அளவு வானத்தைப் பார்த்து அதை முடிவு செய்ய முடியாது. நீர் வரும் திசையில், கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் என்ன நடக்கிறது என்று காலையிலேயே வானிலை அறிக்கையில் பார்க்க வேண்டும். இடியோசை கேட்டாலோ, நீர் கலங்கலாக வரத் தொடங்கினாலோ, உடனே உயரமான இடத்துக்கு ஏற வேண்டும்.

மலேசியாவில் நீர்வீழ்ச்சிக்குக் குளிக்கப் போகிறவர்களுக்கு இது புதிதல்ல. ‘கெப்பாலா ஆயர்’ என்று நாம் சொல்வது இதே இயற்பியல்தான். 2021 ஆகஸ்டில் கெடாவில், ஜெராய் மலையிலிருந்து அது இறங்கி வந்ததை உங்களில் சிலர் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அங்கே மழைக்காடு, இங்கே பாலைவனம் என்பதுதான் வித்தியாசம். மலையில் பெய்தது கீழே வர நேரமாகும். அந்த நேரத்தில் கீழே வெயில்கூட அடிக்கலாம்.

ஒவ்வொரு வெள்ளமும் பள்ளத்தாக்கின் மணல் தரையை மாற்றிவிட்டுப் போகிறது. சில சமயம் புதிய மணலைக் கொட்டி உயர்த்தும். சில சமயம் இருந்ததையும் வாரிக்கொண்டு போகும். அதனால் சுவரில் உள்ள ஒரு வளைவின் அருகே தம்பியை நிற்க வைத்துப் படம் எடுத்துவிட்டு, இரண்டு ஆண்டுகள் கழித்து அதே வளைவின் அருகே மறுபடியும் எடுத்தால், தம்பி குள்ளமாகிவிட்டது போலத் தெரியலாம். தம்பி வளர்ந்துதான் இருப்பான். தரைதான் இறங்கியிருக்கும்.