விலையில்லா மென்பொருளும் வணிக உபயோகத் தடையும்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கோயம்புத்தூர் எல்லையை அடுத்த வடகரப்பதி முதலிய ஊர்களில் தமிழர் பெருந்தொகையினராக வாழ்கின்றனர். மாநிலத்தின் ஏனைய பள்ளிகளைப் போலவே இப்பகுதிப் பள்ளிகளிலும் கணிதம் கற்பிக்க ஜியோஜிப்ரா என்னும் மென்பொருள் உதவுகிறது. முக்கோணத்தின் ஒரு முனையை நகர்த்தினால் கோணங்கள் மாறுவதையும், அவற்றின் கூட்டுத்தொகை 180 பாகையாகவே நிற்பதையும் மாணவர் திரையில் கண்ணாரக் காணலாம்.

பள்ளிகளுக்காகக் கேரள அரசின் கைட் நிறுவனம் அளிக்கும் லினக்ஸ் இயங்குதளத்துடன் இம்மென்பொருளும் வந்து சேர்கிறது. அத்தளத்தின் பெரும்பகுதியை எவரும் எந்நோக்கத்திற்கும் பயன்படுத்தலாம். ஆதலின், உடன்வரும் ஜியோஜிப்ராவும் அத்தகையதே என எண்ணுவது இயல்பு. ஆனால் கட்டணம் இல்லை என்பதும் கட்டுப்பாடு இல்லை என்பதும் ஒன்றல்ல.

ஜியோஜிப்ரா, ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் என்பவரால் 2001-ஆம் ஆண்டில் பட்டமேற்படிப்பு ஆய்வாகத் தொடங்கப்பெற்றது. அதன் மூலநிரல் குனூ பொது உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டது. கணிப்பொறியில் நிறுவுவதற்கான கோப்புகளும் மொழிபெயர்ப்புகளும் வேறோர் உரிமத்திற்கு உட்பட்டவை. அவ்வுரிமம் வணிகமல்லாத உபயோகத்தையே அனுமதிக்கிறது. வணிகத்திற்குத் தனி உடன்படிக்கை வேண்டும்.

பல்கலைக்கழகங்களில் பிறக்கும் மென்பொருள்கள் பலவற்றில் இத்தகைய நிபந்தனை உண்டு. கல்வியும் ஆராய்ச்சியும் தடையின்றி வளர வேண்டும். இலாபம் ஈட்டுவோர் பராமரிப்புச் செலவில் பங்கேற்க வேண்டும் என்பதே அதன் கருத்து. இந்தியாவில் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், பின்னர் திருத்தப்பட்டவாறு, கணிப்பொறி நிரலையும் இலக்கியப் படைப்பாகக் கொள்கிறது. ஆகவே உரிமத்தின் வாசகம் வெறும் வேண்டுகோள் அன்று.

இத்தடை ஆளைப் பொறுத்ததன்று, நோக்கத்தைப் பொறுத்தது. ஓர் ஆசிரியர் தாம் அமைத்த வடிவியல் பயிற்சியை வகுப்பில் காட்டலாம். பக்கத்துப் பள்ளிக்கும் இலவசமாக அளிக்கலாம். அதே பயிற்சியைக் கட்டண வகுப்பு நடத்தும் நிறுவனமோ, விற்பனைக்குக் கையேடு அச்சிடுவோரோ கேட்டால், முன்னரே அனுமதி பெறுதல் அவசியமாகும்.

களப்பணியாளர் கிணறுகளையும் நீர்நிலைகளையும் படத்தில் குறிக்க உதவும் கியூஜிஸ் இதற்கு மாறானது. 2002-இல் தொடங்கப்பெற்ற அம்மென்பொருள் முழுவதும் பொது உரிமத்திற்கு உட்பட்டது. அதைக்கொண்டு வரைந்த படத்தை விற்கவும் தடையில்லை. ஆயினும் படத்திற்கு ஆதாரமான புள்ளிவிவரங்களுக்குத் தனி நிபந்தனை இருத்தல் கூடும். இந்திய அரசு 2017-இல் வெளியிட்ட திறந்த தரவு உரிமம் வணிக உபயோகத்திற்கும் இடமளிக்கிறது.

நிபந்தனைகள் மாறுதலும் உண்டு. புரத வடிவங்களைக் கணிக்கும் ஆல்பாஃபோல்டு திட்டத்தின் அளவுருக்கள் 2021-இல் வணிகத் தடையுடன் வெளிவந்தன. 2022 ஜனவரியில் அத்தடை நீக்கப்பட்டது.

எனவே, ஒரு மென்பொருளை ஏற்குமுன் மூன்றைக் கவனித்தல் நலம்: நிரலுக்கும் அதனுடன் வரும் கோப்புகளுக்கும் ஒரே உரிமமா என்பது, வணிகம் என்பதற்கு உரிமம் கூறும் பொருள், கையிலுள்ள பதிப்பிற்குரிய வாசகம் எது என்பது. பெற்ற நாளன்று அவ்வாசகத்தை ஒரு படி எடுத்துப் பள்ளியிலோ அலுவலகத்திலோ கோப்பில் சேர்த்து வைத்தால், பின்னர் ஐயம் எழும்போது அதுவே சான்றாகும்.