ஐப்பசிக்குச் சித்திரையிலேயே
கைக்காசுக் கணக்கு: தொடர் - 7

பழவேற்காட்டுக்குப் புயல் சொல்லாமல் வருவதில்லை. அக்டோபரில் தொடங்கி டிசம்பர் முடிவதற்குள்தான் அநேகமாக வரும். 1984 நவம்பரில் ஸ்ரீஹரிகோட்டா பக்கம் கரையேறியது, 2016 டிசம்பர் 12-ல் வந்த வர்தா, 2023 டிசம்பர் முதல் வாரத்தில் கரையை ஒட்டியே ஊர்ந்து ஆந்திராவின் பாபட்லாவில் கரையேறிய மிக்ஜாம், எல்லாமே அந்த மூன்று மாதத்துக்குள் அடங்கியவை. பேர் வைத்து, தொலைக்காட்சியில் படம் போட்டு, எண்ணூர் துறைமுகத்தில் கூண்டு ஏற்றிவிட்டுத்தான் வருகிறது. அப்படியிருந்தும் ஒவ்வொரு முறையும் குப்பத்து வீடுகளில் கடைசி நாள் ஓட்டம்தான். மெழுகுவத்தி தீர்ந்திருக்கும், கேன் தண்ணீர் கிடைக்காது, கையில் காசு இருக்காது.

இதற்கு அலட்சியம் என்று பேர் வைப்பது எளிது. நான் அப்படிச் சொல்லமாட்டேன். இந்த ஊர்களில் பணத்துக்கும் ஒரு காலண்டர் இருக்கிறது. புயல் காலண்டரையும் பணக் காலண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில், பொன்னேரி வட்டத்தில் இருக்கிறது பழவேற்காடு. சிலிகாவுக்கு அடுத்தபடி இந்தியாவின் பெரிய உப்பங்கழி. ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில், தென்முனை நம் பக்கத்தில். லைட்ஹவுஸ் குப்பம், கோரைக்குப்பம், கூனங்குப்பம் போன்றவை கடலுக்கும் ஏரிக்கும் நடுவே மணல்மேட்டில் உட்கார்ந்திருக்கும் ஊர்கள். பசியாவரம், இடமணி, சாத்தான்குப்பம் போன்றவை நெடுங்காலம் படகை நம்பியே பிழைத்தவை. மழைக்காலத்தில் ஆரணியாறு வெள்ளத்தைக் கொண்டுவந்து ஏரியில் கொட்டுகிறது. அது கடலுக்குப் போக முக்கிய வழி முகத்துவாரம். அந்த முகத்துவாரமோ மணல் சேர்ந்து அடிக்கடி தூர்ந்துபோகும். அமாவாசை, பௌர்ணமி ஏற்றமும் புயல் தள்ளும் கடலும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் தண்ணீர் வடிய இடமில்லாமல் ஊருக்குள் ஏறும். ஆகவே இங்கே காற்று ஓய்ந்துவிட்டது என்பதற்காக ஆபத்து ஓய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

இப்போது பணக் காலண்டர். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. அதையொட்டி மீனவர் குடும்பங்களுக்கு அரசு தரும் தடைக்கால நிவாரணம் 5,000 ரூபாயாக இருந்து 8,000 ஆகியிருக்கிறது. சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் மீனவர் 1,500 ரூபாய் கட்டினால் அரசுகள் 3,000 சேர்த்து 4,500-ஆகத் திருப்பித் தருகின்றன. பெண்களுக்கும் தனியாக அதே திட்டம் உண்டு. ஏரியில் பாடு முறை. யார் எந்த இடத்தில் எந்த நாள் வலை கட்டலாம் என்று ஊரே முறைவைத்துப் பிரித்துக்கொள்கிறது. ஆற்றுத் தண்ணீர் இறங்கி முகத்துவாரம் திறந்திருந்தால் மழைக்காலம்தான் இறாலுக்கு நல்ல காலம். அதாவது, காசு வரவேண்டிய மாதமும் புயல் வரும் மாதமும் ஒன்றேதான். முறை வந்த நாளில் கடல் சீற்றம் என்று அறிவித்துவிட்டால் அந்த வரவு போச்சு. புயலுக்கு முன்னால் வாங்கவேண்டியதை வாங்கக் காசு இல்லாமல் போவது அந்த வாரத்தில்தான்.

எனவே ஐப்பசிக்கு வேண்டியதைச் சித்திரையிலேயே தொடங்கவேண்டும். வாரம் 50 ரூபாய். சித்திரை முதல் புரட்டாசி முடியச் சுமார் 26 வாரம், 1,300 ரூபாய். மீன் விற்கும் பெண்கள் கையில் தினமும் சில்லறை புழங்குகிறது. அதில் வாரத்துக்கு ஒரு ஐம்பது ஒதுங்குவது கஷ்டம், ஆனால் முடியாததல்ல. நிவாரணப் பணம் மொத்தமாக வரும் நாளில் அதிலிருந்து ஒரு 500 எடுத்துப்போட்டால் இன்னும் வேகமாகச் சேரும். இந்தப் பணம் சீட்டுக்குப் போகக்கூடாது, குழுக் கணக்குக்கும் போகக்கூடாது. வீட்டில், 50-ம் 100-மாக, ஜிப் கவரில் இருக்கவேண்டும்.

ஏன் நோட்டாகவே இருக்கவேண்டும் என்று கேட்பவர்கள் வர்தாவை நினைத்துப் பார்க்கலாம். 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. ஒரு மாதம் கழித்து, வங்கி வாசலில் வரிசை இன்னும் தீராதிருந்த நேரத்தில், புயல் வந்து மின்கம்பங்களையும் செல்போன் கோபுரங்களையும் சாய்த்தது. ஏ.டி.எம். இல்லை, கார்டு தேய்க்கும் இயந்திரம் இல்லை. பால் பாக்கெட்டுக்குச் சில்லறை வைத்திருந்த வீடுதான் பணக்கார வீடு. இன்று கூகுள் பே வந்துவிட்டது என்பார்கள். கோபுரம் சாய்ந்த நாளில் அதுவும் சும்மாதான்.

கையிருப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும்? பட்டினி கிடக்கமாட்டார்கள். கடன் கிடைக்கும்; சிக்கலே அங்கேதான். இறால், நண்டு வியாபாரியிடம் முன்பணம் வாங்கினால் கடன் தீரும்வரை பிடித்ததையெல்லாம் அவரிடமே, அவர் சொல்லும் விலைக்கே போடவேண்டும். புயல் வாரத்தில் வாங்கிய 3,000 ரூபாய் அடுத்த ஆடிவரை விலையில் கழிந்துகொண்டே இருக்கும். வட்டி என்று யாரும் எழுதிவைப்பதில்லை என்பதால் அது வட்டியாகக் கண்ணில் படுவதில்லை. வெளியூர்க்காரர்கள் பேரிடர்ச் செலவைக் கூரைக் கணக்கில் பார்க்கிறார்கள். என் கணிப்பில், இந்தக் கரையில் பெரிய செலவு இந்த முன்பணம்தான். வீட்டில் இருக்கும் அந்த 1,300 ரூபாய் முன்பணம் வாங்கும் நாளை ஒரு வாரம் தள்ளிப்போட்டாலும் லாபம்.

மிக்ஜாம் இதை இன்னொரு விதமாகக் காட்டியது. மழை ஓய்ந்தபின் எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய்ப் படலம் பரவியது. புயல் இரண்டு நாள்தான். அந்தப் பக்கத்து மீனவர்களுக்குத் தொழில் வாரக்கணக்கில் போச்சு, பிடித்த மீனுக்கும் ஆள் இல்லை. மூன்று நாளுக்குப் பை கட்டி வைப்பது பற்றியே உலகம் முழுக்கப் பேசுகிறார்கள். மூன்றாவது வாரத்தைப் பற்றி எந்தப் பட்டியலிலும் காணோம்.

சரி, தண்ணீருக்கு வருவோம். உப்பங்கழிக் கரையில் சுற்றிலும் தண்ணீர்தான், குடிக்கத்தான் ஆகாது. வெள்ளம் ஏறினால் கைப்பம்பும் கிணறும் கெடும். மின்சாரம் போனால் குழாயும் வராது. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று வைத்தால், ஐந்து பேர் வீட்டுக்கு மூன்று நாளுக்கு 60 லிட்டர். அதாவது மூன்று 20 லிட்டர் கேன். புயல் அறிவித்த பிறகு கேன் விலையும் ஏறும், கேனும் கிடைக்காது. ஆகவே மூடியுள்ள ஒரு பழைய டிரம்மை ஆவணியில் வாங்கிக் கழுவி வைத்துக்கொள்ளுங்கள். ரசாயனம் இருந்த டிரம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். வானிலை அறிவிப்பில் மஞ்சள் எச்சரிக்கை வந்த அன்றே நிரப்பிவிடவேண்டும், சிவப்புக்குக் காத்திருக்கக்கூடாது. வெள்ளத்துக்குப் பிறகு எந்தத் தண்ணீரானாலும் கொதிக்கவைத்தே குடிப்பது. வயிற்றுப்போக்கு வந்தால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமலே கேட்டு வாங்கலாம். புயலுக்கு முன்பே கேளுங்கள்.

சாப்பாட்டில் இந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்கவேண்டாம். கருவாடு என்பது அவசரகால உணவு அல்லாமல் வேறென்ன? நெத்திலியும் வாளையும் மலிந்து கிடக்கும் நாளில், நல்ல வெயிலில் உப்பிட்டுக் காயவைத்துக் கட்டி வைத்தால் மழைக்காலம் முழுக்க வரும். மழை பிடித்தபின் காயவைக்க முடியாது. இதுவும் கோடையிலேயே செய்கிற வேலை. என்ன குறை என்றால், நல்ல கருவாட்டை விற்றுவிட்டு மிச்சத்தை வீட்டுக்கு வைப்பது. இரண்டு கிலோவையாவது விற்பனைக்கில்லை என்று பரணில் ஏற்றிவிடுங்கள். அடுப்பு எரியாத நாளுக்கு அவல், பொட்டுக்கடலை, வெல்லம். ரேஷன் அரிசியை மாத முதல் வாரத்திலேயே வாங்கிவிடவேண்டும், கார்த்திகையில் மட்டுமாவது. ஒரு சாக்குச் சவுக்கு மிலார் நனையாத இடத்தில் இருக்கட்டும். வெள்ளம் ஏறும் வீடானால் காஸ் சிலிண்டரின் ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டரைக் கட்டிப்போடுங்கள். காலி சிலிண்டர் மிதக்கும்.

காகிதங்களைப் பற்றி ஒரு வார்த்தை. மிக்ஜாமுக்குப் பிறகு சென்னையிலும் திருவள்ளூர் உள்ளிட்ட பக்கத்து மாவட்டங்களிலும் 6,000 ரூபாய் நிவாரணம் ரேஷன் கடை வழியாக, டோக்கன் முறையில் கொடுக்கப்பட்டது. ரேஷன் அட்டை, ஆதார், பாஸ்புக், மீனவர் கூட்டுறவுச் சங்கப் புத்தகம், படகுப் பதிவுச் சான்று, அன்றாடம் சாப்பிடும் மாத்திரையின் சீட்டு, இவ்வளவும் ஒரே பையில், வெளியே கிளம்பும்போது முதலில் கைக்கு வரும் இடத்தில் இருக்கவேண்டும். ஸ்மார்ட்போன் உள்ள பிள்ளை எல்லாவற்றையும் படமெடுத்து வெளியூர் உறவுக்காரர் ஒருவருக்கு அனுப்பிவிட்டால் பாதி கவலை தீர்ந்தது. ஏரியில் கையால் இறால் தடவிப் பிழைக்கும் இருளர் குடும்பங்களில் இந்தக் காகிதங்களே இல்லாதவர்கள் உண்டு. அட்டை இல்லாதவருக்கு அட்டை வழி வரும் நிவாரணம் எப்படிப் போய்ச்சேரும்? இது வீட்டுக் கணக்கில் தீராது. ஊராட்சியும் வட்டாட்சியர் அலுவலகமும் மழைக்கு முன்பே அங்கே போய்ச் செய்யவேண்டிய வேலை.

எந்த நேரத்தில் வீட்டை விட்டுக் கிளம்புவது என்பதற்குக் காசு தேவையில்லை. ஆனால் அதில்தான் உயிர்கள் போகின்றன. படகையும் எஞ்சினையும் வலையையும் விட்டுவிட்டு ஆண்கள் வரமாட்டார்கள். லட்சக்கணக்கில் போட்ட முதல் அது. வா என்றால் எப்படி வருவார்கள்? அதனால் குடும்பம் இரண்டாகப் பிரிந்து போகத் திட்டமிடுவதே நடக்கிற காரியம். முதியவர்கள், குழந்தைகள், நிறைமாதக் கர்ப்பிணிகள் முதல் நாளே, பகல் வெளிச்சத்தில், பாதுகாப்பு மையத்துக்கோ பொன்னேரிப் பக்கத்து உறவினர் வீட்டுக்கோ போய்விடவேண்டும். ஆண்கள் படகை மேட்டுக்கு இழுத்துக் கட்டி, எஞ்சினைக் கழற்றி உயரத்தில் ஏற்றிவிட்டு, இருட்டுவதற்குள் வந்து சேரவேண்டும். எத்தனை மணிக்குள் என்று வீட்டுப் பெண்கள் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்வது நல்லது. புயல் நாளில் பேசினால் சண்டைதான் மிஞ்சும். கூண்டு எண்ணைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், அது கப்பல்களுக்கானது. மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை எண் 1077, கடலோரக் காவல்படை எண் 1554. இரண்டையும் கதவில் எழுதி ஒட்டுங்கள். பழைய பட்டன் போன் ஒன்றை சார்ஜ் போட்டு வைத்திருங்கள். அது நாள்கணக்கில் தாங்கும்.

எல்லா அவசரமும் புயலாக வருவதில்லை. 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாளில், பழவேற்காட்டில் உல்லாசப் பயணம் போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். ஆண்டு முழுக்கத் தண்ணீரில் இருப்பவர்களுக்கு விபத்துக் காப்பீடுதான் மிக மலிவான முன்னேற்பாடு. மீனவர்களுக்கான குழு விபத்துக் காப்பீட்டில் உயிரிழப்புக்கு 5 லட்சம் ரூபாய். பிரீமியத்தை அரசுகளே கட்டுகின்றன, முறைப்படி பதிவு செய்திருந்தால் போதும். மீன் விற்கும் பெண்களுக்கு, வலை பின்னும் பெரியவர்களுக்கு, பிரதமரின் சுரக்ஷா பீமா யோஜனா உண்டு. 18 முதல் 70 வயதுவரை, ஆண்டுக்கு 20 ரூபாய், விபத்தில் இறந்தால் 2 லட்சம். வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே எடுத்துக்கொள்ளும்.

எடுத்துக்கொள்ளும் காலம் மே மாதக் கடைசி. தடைக்காலம், பள்ளிச் செலவு, கணக்கு துடைத்துக் கிடக்கும் மாதம். 20 ரூபாய் இல்லாமல் போனதால் காப்பீடு அறுந்த குடும்பங்கள் அதை அறியாமலே இருக்கும். இந்த வாரம் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போய்ப் பதிவு போட்டுப் பாருங்கள். 20 ரூபாய் பிடித்த பதிவு இல்லையென்றால் அங்கேயே படிவம் கேளுங்கள். ஆண்டின் எந்த மாதத்திலும் சேரலாம்; அடுத்த மே 31 வரை செல்லும்.

(தொடரும்)