வளரும் காலும் காணும் கண்ணும்

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த நகரிலும், உப்புவெளி, நிலாவெளி, தம்பலகாமம், மூதூர், சம்பூர் முதலிய ஊர்களிலும் ஒரு தமிழ்ப் பிள்ளையை நடனம் பழக விட்டிருக்கிறார்கள் என்றால், அது அநேகமாகப் பரதநாட்டியமாகவே இருக்கும். ஐரோப்பாவில் வளர்ந்த பாலே நடனத்தை முறையாகக் கற்பிக்கும் இடங்கள் இலங்கையில் பெரும்பாலும் கொழும்பையும் அதன் சுற்றாடலையும் விட்டு வெளியே வருவதில்லை. ஆயினும் பாலே பயிலும் பிள்ளையைக் குறித்து எழும் மூன்று கேள்விகள், பரதம் பயிலும் பிள்ளைக்கும் அப்படியே பொருந்துகின்றன: யாரிடம், எதுவரை கற்கலாம் என்பது ஒன்று, வளர்ந்துகொண்டிருக்கும் உடல் அந்தப் பயிற்சியை எவ்வாறு தாங்குகிறது என்பது இன்னொன்று, பிறர் ஆடக் காணும் வாய்ப்பு எவ்வளவு கிடைக்கிறது என்பது மற்றொன்று. பெற்றோர் பெரும்பாலும் முதற்கேள்வியை மட்டுமே கேட்கின்றனர். இரண்டாவது, குதிகால் நோகத் தொடங்கிய பின்பே நினைவுக்கு வருகிறது. மூன்றாவதோ கேட்கப்படுவதே அரிது. இம்மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை என்பதை உணர்ந்தால், திருகோணமலையில் ஒரு பிள்ளையின் நடனக் கல்வியை இன்றிருப்பதைவிட நன்றாக அமைக்க முடியும்.

கற்பதற்கான வழி இங்கு இல்லாமல் இல்லை. இலங்கையின் பாடசாலைக் கலைத்திட்டத்தில் நடனம் அழகியற் பாடங்களுள் ஒன்று. ஆறாந் தரத்திலிருந்து அதைத் தெரிவு செய்யும் மாணவி, க.பொ.த. சாதாரண தரத்திலும் பின்னர் உயர்தரத்திலும் பரதத்தையே ஒரு பாடமாக எழுதலாம். 1923இல் தொடங்கப்பட்ட ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி போன்ற பழைய பாடசாலைகள் உள்ள நகரத்துப் பிள்ளைக்கு இது எளிது. நடன ஆசிரியர் நியமிக்கப்படாத கிராமத்துப் பாடசாலையில் பயிலும் பிள்ளைக்கு அது ஏட்டளவில் உள்ள உரிமை மட்டுமே. இதற்கு வெளியே தனியார் வகுப்புகளும், அவற்றில் பயில்வோர் தரம் தரமாகத் தோற்றும் வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளும் உள்ளன. அவற்றில் இறுதிவரை தேறியவர் கலாவித்தகர் என்ற பட்டத்தைப் பெறுகிறார். பட்டப்படிப்பாகத் தொடர விரும்புவோர் ஊரை விட்டுப் புறப்பட வேண்டும். 1982இல் விபுலானந்த இசை நடனக் கல்லூரியாகத் தொடங்கி, இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகமாக இயங்குவது மட்டக்களப்புக் கல்லடியில்; இராமநாதன் நுண்கலைக் கழகமாக இருந்து, இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடமாக இயங்குவது யாழ்ப்பாணத்து மருதனார்மடத்தில். மட்டக்களப்புக்கான கரையோர வீதியில் கிண்ணியாவில் 2009இல் பாலம் திறக்கப்படும் வரை, அவ்விடத்தைத் தோணிப் பாதையில் ஏறித்தான் கடக்க வேண்டியிருந்தது. பாலம் வந்த பின் பயணம் குறுகியதே ஒழிய, பதின்வயதுப் பிள்ளை தனியே போய்த் திரும்பும் தூரமாக அது இன்னும் ஆகவில்லை.

கல்வி நாட்காட்டி ஒரு பக்கம் ஓட, உடலின் நாட்காட்டி வேறொரு பக்கம் ஓடுகிறது என்பதே இங்குள்ள பெருஞ்சிக்கல். ஐந்து, ஆறு வயதில் வகுப்பில் சேர்ந்த பிள்ளையைப் புலமைப்பரிசில் பரீட்சைக்காக ஒன்பதாம் வயதில் நிறுத்துகிறார்கள். பரீட்சை முடிந்து அவள் திரும்பி வரும்போது வயது பத்து அல்லது பதினொன்று. விட்ட இடத்தைப் பிடிக்கவும், அடுத்த தரத்துக்குத் தோற்றவும், தமிழ் மொழித் தினப் போட்டிக்கு ஆயத்தமாகவும், சிலவேளை அரங்கேற்றத்துக்கு நாள் குறிக்கவும் என எல்லா அவசரமும் அந்த வயதிலேயே வந்து குவிகிறது. பெண்பிள்ளையின் எலும்புகள் மிக வேகமாக நீளும் காலமும் அதுவேதான். இன்றைய மருத்துவ அறிவின்படி பெண்பிள்ளைகள் ஏறக்குறைய பன்னிரண்டு வயதிலும், ஆண்பிள்ளைகள் ஏறக்குறைய பதினான்கு வயதிலும் வளர்ச்சியின் உச்சத்தைத் தொடுகின்றனர். அந்த ஓராண்டில் பெண்பிள்ளை 8 சென்ரிமீற்றர் அளவுக்கும் ஆண்பிள்ளை 9 அல்லது 10 சென்ரிமீற்றர் அளவுக்கும் உயர்வது வழக்கம். மாதவி ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் வயதில் அரங்கேறினாள் என்று சிலப்பதிகாரம் கூறுவதைப் பலர் முன்மாதிரியாகக் கொள்கின்றனர். ஆனால் அந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது பன்னிரண்டு என்ற வயதைவிட, இடையறாத ஏழாண்டு என்ற காலமே; இரண்டாண்டு விட்டுவிட்டு வந்த பிள்ளையை அதே வயதில் மேடையேற்றுவது மாதவியின் கணக்காகாது.

வளரும் எலும்பின் நுனியருகே வளர்ச்சித் தட்டு எனப்படும் மென்மையான குருத்தெலும்புப் படலம் உண்டு. எலும்பு நீள்வது அங்கேதான். எலும்பு நீண்ட வேகத்துக்குத் தசையும், தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணும் உடனே ஈடுகொடுப்பதில்லை. ஆகவே அவை இழுபட்டு விறைக்கின்றன. நேற்றுவரை எளிதாக அமர்ந்த முழுமண்டியில் இன்று பிள்ளை தடுமாறுவதும், காலை உயர்த்தினால் சமநிலை இழப்பதும், தாளம் தப்பாதிருந்தவள் திடீரெனத் தாளம் தப்புவதும் இதனால்தான். பாதம் முதலிலும், கால் அடுத்தும், உடற்பகுதி கடைசியிலும் வளர்வதால், சில மாதங்களுக்குத் தன் உடல் எங்கே முடிகிறது என்பதே பிள்ளைக்குப் பிடிபடாமல் போகிறது. இதைச் சோம்பல் என்று கண்டிக்கும் ஆசிரியர் அறியாமலேயே அநீதி செய்கிறார். இக்காலத்தில் குதிகாலின் பின்புறத்திலும், முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழே எலும்பு புடைத்திருக்கும் இடத்திலும் வலி தோன்றலாம். தசைநாண் வந்து பற்றும் அவ்விடங்கள் இன்னும் முற்றாக எலும்பாகாதவை. ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் ஆறிவிடும் வலி அது. ஒருபக்கம் மட்டும் தொடர்ந்து நோவதும், இரவில் எழுப்பிவிடுவதும், நொண்ட வைப்பதுமான வலியை வைத்தியரிடம் காட்டாமல் விடக்கூடாது.

பரதத்தின் அடிப்படை நிலையான அரைமண்டியைச் சற்று நெருங்கிப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். குதிகால்களை அருகருகே வைத்து, பாதங்களை இருபுறமும் திருப்பி, முழங்கால்களை மடித்து, முதுகு சாயாமல் இடுப்பை இறக்கி நிற்பது அரைமண்டி. பாலேயிலும் இத்தகைய வெளித்திருப்பமே எல்லா நிலைகளுக்கும் அடித்தளம். அத்திருப்பம் தொடை எலும்பு பொருந்தியிருக்கும் இடுப்பு மூட்டிலிருந்து வரவேண்டும். அங்கு எவ்வளவு இடமுண்டு என்பது பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடும், எலும்பின் அமைப்போடு வந்தது. இடுப்பு தராத திருப்பத்தைப் பாதத்தால் வலிந்து காட்டும் பிள்ளையின் முழங்கால் உட்புறமாக முறுகும், உட்பாதம் தரையில் சரியும். ஆசிரியர் பிள்ளையின் முன்னால் குந்தியிருந்து, முழங்கால் சில்லின் நடுவிலிருந்து ஒரு நூலைத் தொங்கவிட்டால், அது இரண்டாம் கால்விரலின் நேரே விழவேண்டும். பெருவிரலுக்கு உட்புறமாக விழுந்தால் பாதத்தைச் சற்று மூடச் சொல்ல வேண்டுமே தவிர, முழங்காலை இழுத்துத் திருப்பக் கூடாது. பார்வைக்கு அகலம் குறைந்த அந்த மண்டிதான் முப்பது வயதிலும் ஆட விடும். பாலே பள்ளிகளில் விரல்நுனியில் நிற்கும் பயிற்சியைப் பொதுவாகப் பதினொன்று, பன்னிரண்டு வயதுக்கு முன் தொடங்குவதில்லை. அதிலும் வயதைவிடக் கணுக்காலின் வலிமையே அளவுகோல். பரதத்துக்கு அப்படியான ஒரு வரம்பு எழுதிவைக்கப்படவில்லை. ஆகவே அந்தப் பொறுப்பு ஆசிரியரின் கண்ணிலேயே தங்கியிருக்கிறது.

தரையும் காலநிலையும் உணவும் இதனோடு சேர்ந்தவை. தட்டடவின் ஒவ்வொரு தட்டும் வெறுங்காலால், முழுப்பாதமும் ஒருங்கே விழும்படி தட்டப்படுவது. ஒரு வகுப்பில் அவை நூற்றுக்கணக்கில் சேர்கின்றன. இங்குள்ள மண்டபங்களிலும் வீட்டு விறாந்தைகளிலும் இருப்பது சீமெந்துத் தரை; அது அடியை உள்வாங்காமல் அப்படியே கணைக்காலுக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறது. மரத்தளம் போட வசதியில்லாத இடத்திலும், குதிப்பு அடவுகளைக் கிழமையில் சில நாட்களுக்கு மட்டும் வைப்பதும், மூன்றாங்காலத்தில் பழகும் நேரத்தைக் குறைப்பதும் செலவில்லாத காரியங்கள். கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் பின்னேர வகுப்புக்கு வரும் பிள்ளை தண்ணீர்ப் போத்தலோடு வரவேண்டும். இடையிடையே குடிக்க விடவும் வேண்டும். எலும்பு இறுகும் இவ்வயதில் நாளொன்றுக்கு 1300 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்துத் தேவைப்படுகிறது. முள்ளோடு தின்னும் நெத்தலி, குரக்கன், முருங்கையிலை, எள்ளு, தயிர் என அதற்கானவை கடலும் வயலும் சூழ்ந்த இந்த மாவட்டத்தில் அரியவை அல்ல. மேடைக்கு மெலிய வேண்டுமென்று பிள்ளையின் சோற்றைக் குறைப்பது மிகக் கொடிய தவறு. போதிய உணவின்றிக் கடும் பயிற்சி செய்யும் பெண்பிள்ளைக்கு மாதவிடாய் பிந்துவதும், எலும்பு நலிந்து மயிரிழை முறிவு ஏற்படுவதும் பாலே உலகம் வருந்திக் கற்ற பாடங்கள்.

பெரியபிள்ளையானதும் நடனத்தை நிறுத்திவிடும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் உண்டு. உடல் தன் புதிய நீளத்துக்குப் பழகி, வலிமை சேர்த்து, அபிநயத்துக்கு வேண்டிய மனமும் முதிரத் தொடங்கும் வாசலில் அந்தக் கதவை மூடுவது, ஏழெட்டு ஆண்டு இட்ட உழைப்பைப் பாதியில் கைவிடுவதாகும்.

வேக வளர்ச்சியின் மாதங்களில் காலுக்கு வேலையைக் குறைக்க வேண்டுமென்றால் கல்வியும் நின்றுவிடுமோ என்ற அச்சம் பெற்றோருக்கு எழுவது இயல்பு. அதற்கான விடை மூன்றாம் கேள்வியில் இருக்கிறது. ஆடலைக் காண்பது ஓய்வுநேரப் பொழுதுபோக்கு மட்டுமன்று, அது பயிற்சியின் ஓர் உறுப்பு. 2005இல் வெளிவந்த இலண்டன் ஆய்வொன்றில், பாலே ஆடுவோரும், கபோயிரா எனும் பிரேசில் நாட்டு ஆடலில் தேர்ந்தோரும் இரண்டு ஆடல்களின் காட்சிகளையும் அசையாமல் கிடந்து பார்த்தபோது, தாம் பழகிய ஆடலைக் காண்கையில் அவர்களது மூளையில் அசைவை ஆளும் பகுதிகள் கூடுதலாக இயங்கின. அடவு தெரிந்த பிள்ளை அமர்ந்திருந்து பார்க்கும்போதும் உள்ளே ஆடிக்கொண்டிருக்கிறாள் என்று இதனைக் கொள்ளலாம். கண்டது ஒரு வாழ்வையே திருப்பிய கதையும் நம் மரபில் உண்டு. உருசிய பாலே நடனமணி அன்னா பாவ்லோவாவின் ஊக்கத்தால் பாலே பழகத் தொடங்கிய ருக்மிணி தேவி, அவர் சொன்னபடியே தம் சொந்த நாட்டு ஆடலை நாடியிருந்த காலத்தில், 1933இல் சென்னை மியூசிக் அகாதமியில் பந்தநல்லூர் மரபில் வந்த சகோதரியர் ஆடியதைக் கண்டார். பின்னர் அம்மரபின் ஆசான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்று, 1935இல் மேடையேறி, 1936இல் கலாக்ஷேத்திராவை நிறுவினார்.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை ஆடுபவளுக்கு இணையாக அரங்கையும் அளந்து சொல்கிறது. அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், தளத்தின் உயரம் ஒரு கோல் என்று வகுத்து, மூவகைத் திரைகளையும், தூணின் நிழல் அவையில் விழாதபடி விளக்கு வைக்கும் முறையையும் அது கூறுவது, காண்பவரின் கண்ணை மதித்த ஒரு மரபின் அடையாளம். இன்றைய திருகோணமலையில் பிள்ளை காணும் ஆடல் பெரும்பாலும் கோயில் திருவிழா மேடையிலும் பாடசாலைப் பரிசளிப்பு விழாவிலும் தன்னொத்த பிள்ளைகள் ஒலிப்பதிவுக்கு ஆடுவதே. முதிர்ந்த ஒருவர், நட்டுவாங்கமும் வாய்ப்பாட்டும் மிருதங்கமும் உயிரோடு ஒலிக்க, ஒரு வர்ணத்தை முழுமையாக ஆடுவதைக் காணாமலேயே பல மாணவியர் சங்கீத சபைப் பரீட்சையின் ஆசிரியர் தரம்வரை சென்றுவிடுகின்றனர். கைபேசியில் பார்க்கலாமே என்று கூறுவதில் பாதி உண்மை உண்டு. ஆனால் திரையில் தட்டின் அதிர்வு தரைவழியே வந்து சேராது, ஒளிப்பதிவாளர் முகத்தைக் காட்டும்போது கால் மறைந்துவிடும், ஆடுபவர் மேடையின் அகலத்தை எப்படி நிரப்புகிறார் என்பதும் தெரியாது.

ஆகவே ஆண்டுக்கொரு முறையேனும் கல்லடி நிறுவக மாணவரின் ஆற்றுகையையோ யாழ்ப்பாணத்து விழாவொன்றையோ காண, வகுப்பாகச் சேர்ந்து ஒரு வான் பிடித்துப் போய்வருவது, ஒரு மேடை உடுப்பின் செலவைவிட அதிகப் பயன் தரும். பரதத்தோடு நிற்கவும் வேண்டியதில்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்த வடமோடிக் கூத்தான இராவணேசனின் வழிவந்த ஆற்றுகைகள், கோணமலையின் இராவணன் வெட்டு எனும் பாறைப் பிளவைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு ஆண்மை மிக்க அடிவைப்பு என்னவென்று காட்டும். மீனவர் வாழ்வைக் கருவாகக் கொண்டு சிங்கள நடனக் கலைஞர் சித்திரசேன 1961இல் படைத்த கரதிய எனும் சிங்கள நாட்டிய நாடகம், பாலேயின் அமைப்பு முறையை ஓர் ஊர் தன் கடலுக்கு ஏற்ப வளைத்துக்கொண்ட விதத்தைக் காட்டும். பார்க்கப் போகும் பிள்ளைக்கு வேலை ஒன்றும் கொடுக்க வேண்டும்: முதல் உருப்படியில் பாதத்தை மட்டும் பார், அடுத்ததில் கண்ணை மட்டும் பார், மூன்றாவதில் நட்டுவனாரின் கையைப் பார் என்று சொல்லி அழைத்துச் சென்றால், அவள் திரும்பி வரும்போது கேள்விகளோடு வருவாள்.

வகுப்பு நடக்கும் சுவரில் ஒவ்வொரு பிள்ளையின் உயரத்தையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதிவைத்தால், யாருக்கு வேக வளர்ச்சி தொடங்கிவிட்டது என்பது வலி வருவதற்கு முன்பே தெரியும். கோடுகளின் இடைவெளி திடீரென அகன்ற பிள்ளையைச் சில கிழமைகளுக்குக் குதிப்பிலிருந்து விலக்கி, ஆசிரியரின் பக்கத்தில் பாயில் இருத்தி, தட்டுக்கழியை அவள் கையில் கொடுக்கலாம். சின்னப் பிள்ளைகள் நாட்டடவு செய்ய அவள் சொல்லுக்கட்டைச் சொல்லித் தட்டுவாள். எந்தப் பிள்ளையின் முழங்கால் உள்ளே சாய்கிறது, எவளின் பாதம் தாளத்துக்கு அரைக்கணம் பிந்தி விழுகிறது என்று அங்கிருந்து அவளுக்கு நன்றாகத் தெரியும்.