வலைக்கடியில் மடங்கும் கணுக்கால்

கல்லூரி மகளிர் வாலிபாலில் அதிகம் அடிபடுவது கணுக்கால்தான். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. 1988 முதல் 2004 வரை 16 பருவங்களில் திரட்டிய பதிவுகளின்படி, மகளிர் போட்டிகளில் ஏற்பட்ட காயங்களில் சுமார் 44 சதவீதம் கணுக்கால் சுளுக்கு. முழங்காலின் உள்காயம் சுமார் 14 சதவீதம்.

இதற்குக் காரணம் வலைக்கடியில் இருக்கிறது. எந்தக் கல்லூரியானாலும் ஆடுகளம் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். பெண்களுக்கான வலையின் உயரம் 2.24 மீட்டர். ஸ்பைக் அடிப்பவரும் பிளாக் செய்பவரும் ஒரே நேரத்தில் வலையோரம் எம்புகிறார்கள். பாதத்தின் ஒரு பகுதி நடுக்கோட்டின் மீதோ அதற்கு நேர் மேலோ இருக்கும்வரை, மறுபக்கம் கால் நீண்டாலும் விதி அனுமதிக்கிறது. அப்படி நீண்ட காலின் மேல் எதிரணி வீராங்கனை இறங்கினால் பாதம் உள்பக்கமாக மடங்கும்; கணுக்காலின் வெளிப்புறத் தசைநார் கிழியும்.

‘சுளுக்குதானே’ என்று தைலம் தேய்த்து, மூன்றாம் நாளே களமிறக்குவது பெருந்தவறு. ஒருமுறை சுளுக்கிய கணுக்கால் அடுத்த சில மாதங்களில் மீண்டும் சுளுக்கும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். வீக்கம் வடிந்த பின்னும் பாதம் எப்படி இருக்கிறது என்பதை உணரும் திறன் முழுதாகத் திரும்பியிருக்காது.

முழங்காலில் இரு வகைக் காயங்கள் உண்டு. தொடர்ந்து எம்புவதால் சில்லுக்குக் கீழுள்ள தசைநாணில் மெல்ல வளரும் வலி ஒன்று. ஒற்றைக் காலில் இறங்கி முழங்கால் உள்நோக்கிச் சாயும்போது முன் சிலுவைத் தசைநார் அறுவது மற்றொன்று. இது அரிது, ஆனால் பல மாத ஓய்வைக் கேட்கும், பெண்களிடம் ஆண்களைவிட அதிகம். தோள்வலி ஓயாமல் ஸ்பைக், சர்வீஸ் அடிப்பதால் வருகிறது. விரல் சுளுக்கு பிளாக்கில்.

தடுக்க முடியுமா? முடியும். நார்வேயில் ரோல்டு பார் குழுவினர் 1990களில் எம்பி இறங்கும் நுட்பத்தையும், ஆடும் பலகையில் நின்று சமநிலை பழகுவதையும் கற்றுக்கொடுத்தபோது கணுக்கால் காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. 2004-இல் வெளியான நெதர்லாந்து ஆய்விலும் பலகைப் பயிற்சி, ஏற்கெனவே சுளுக்கு கண்டவர்களுக்கு உதவியது. ஆனால் முழங்கால் காயம் கண்டவர்களிடம் அந்தப் பயிற்சியே முழங்கால் வலியைக் கூட்டியது. ஆகவே ஒவ்வொருவரின் பழைய காயத்தையும் கேட்டறிந்த பிறகே பயிற்சியாளர் பலகையைத் தர வேண்டும்.