ஈரச் சுவரா? காய்ந்த சுவரா?

சுவரில் ஓவியம் தீட்டுவதில் இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, ஈரச் சுவரில் தீட்டுவது. மற்றொன்று, காய்ந்த சுவரில் தீட்டுவது. இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றலாம். ஆனால், உலகப் புகழ் பெற்ற ஓர் ஓவியத்தின் தலைவிதியையே இந்த வித்தியாசம் மாற்றிவிட்டது!

"பிரெஸ்கோ" என்றால் என்ன?

ஈரச் சுவர் ஓவியத்துக்கு "பிரெஸ்கோ" என்று பெயர். இது இத்தாலிய மொழிச் சொல். "புதியது" என்று பொருள்.

முதலில் சுவரில் சுண்ணாம்புச் சாந்து பூசுவார்கள். அது காய்வதற்குள், தண்ணீரில் குழைத்த வர்ணப் பொடியால் படம் எழுதிவிட வேண்டும். பசையும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். சுண்ணாம்பு காயும்போது, காற்றில் உள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு கல்போல் இறுகுகிறது. வர்ணமும் அதற்குள் சிக்கிக்கொள்கிறது. பிறகு லேசில் உதிராது.

ஆனால் இதில் ஒரு கஷ்டம் உண்டு. ஒரு நாளில் எழுதி முடிக்கக்கூடிய அளவுக்கே சாந்து பூச வேண்டும். அந்தப் பகுதிக்கு "ஜோர்னாட்டா" என்று பெயர். அதாவது, ஒரு நாள் வேலை. பெரிய தவறு நேர்ந்தால், சாந்தைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடியும் பூச வேண்டியதுதான்!

டாவின்சி செய்த சோதனை

இந்த அவசரம் லியனார்டோ டாவின்சிக்குப் பிடிக்கவில்லை. அவர் நிதானமாக யோசித்து, திருத்தித் திருத்தி எழுதுகிறவர்.

இத்தாலியில் மிலான் நகரில் உள்ள ஒரு மடத்தின் சாப்பாட்டுக் கூடத்தில், இயேசுநாதரின் "கடைசி இராப்போஜனம்" ஓவியத்தை 1495-ம் ஆண்டு வாக்கில் தொடங்கினார். காய்ந்த சுவரில், முட்டையும் எண்ணெயும் சேர்த்த வர்ணங்களால் தீட்டினார். 1498-ல் படம் முடிந்தது. பார்த்தவர்கள் பிரமித்தார்கள்.

ஆனால் சுவரில் ஈரம் கசிந்தது. மேலே ஒட்டியிருந்த வர்ணம் செதில் செதிலாக உதிரத் தொடங்கியது. டாவின்சி உயிரோடு இருந்தபோதே இந்த நிலை! 1999-ல் முடிந்த செப்பனிடும் வேலைக்கு மட்டும் 20 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அசல் வர்ணத்தில் பெரும் பகுதி போனது போனதுதான்.

மைக்கேல் ஆஞ்சலோ

ரோமில், சிஸ்டைன் சிற்றாலயத்தின் கூரையில் மைக்கேல் ஆஞ்சலோ 1508 முதல் 1512 வரை ஓவியம் தீட்டினார். அது ஈரச் சாந்து வேலை. 500 ஆண்டுகளுக்குப் பிறகும் அது நிலைத்திருக்கிறது.

டாவின்சியின் கைத்திறனில் குறை இல்லை. வர்ணத்துக்கும் சுவருக்கும்தான் ஒத்துப்போகவில்லை. ஓவியம் கற்கத் தொடங்குகிறவர்கள் வர்ணத்தைக் குழைப்பதற்கு முன், அது எதில் ஒட்டப் போகிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.