லொறிக்கு ஏற்ற பெற்றோல் எது?

டயகம, அக்கரப்பத்தனைப் பகுதிகளில் விளையும் மரக்கறி வகைகள் லொறிகளிலேயே தம்புள்ளைக்கும் கொழும்பை அடுத்த பேலியகொடைக்கும் செல்கின்றன. வழியில் லொறி நின்றால் சரக்கு வாடும், விலையும் விழும். ஆதலால், லொறி வைத்திருக்கும் கமக்காரர் அதற்கேற்ற எரிபொருளை அறிந்திருத்தல் அவசியம்.

டீசல் லொறிகள்

பெரிய லொறிகளும் இருசில்லு உழவு இயந்திரங்களும் பெரும்பாலும் டீசலில் ஓடுவன. ஒக்டேன் எண் இவற்றிற்குரியதன்று. டீசல் தாங்கியில் தவறுதலாகப் பெற்றோல் ஊற்றப்பட்டால் இயந்திரத்தை இயக்காது, தாங்கியை முழுவதும் வெறுமையாக்குதல் வேண்டும்.

ஒக்டேன் எண்

பெற்றோல் இயந்திரத்தினுள் காற்றும் பெற்றோல் ஆவியும் கலந்து அமுக்கப்படுகின்றன. பின்னர் தீப்பொறியால் எரிகின்றன. அமுக்கம் மிகுந்தால், கலவையின் ஒரு பகுதி தீச்சுவாலை வந்து சேருமுன் தானாகவே வெடிக்கும். அப்போது 'டக் டக்' என்ற உலோக ஒலி எழும். இது நீடித்தால் பிஸ்டன் பழுதாகும். இவ்வாறு வெடிப்பதைத் தாங்கும் திறனையே ஒக்டேன் எண் காட்டுகிறது. அஃது எரிபொருளின் வலிமையைக் காட்டுவதன்று. ஆகவே, 92 போதுமென்று அமைத்த இயந்திரத்தில் 95 ஊற்றுவதால் இழுவை கூடாது, செலவே கூடும்.

எதனைத் தெரிவது?

1961-இல் நிறுவப்பெற்ற இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் 92, 95 என இருவகைப் பெற்றோலை விற்கிறது. லொறியின் கைநூல் கூறும் எண்ணையே பின்பற்றுக. யப்பானிய லொறியில் 'சாதாரண பெற்றோல்' எனக் குறித்திருப்பின், அந்நாட்டு நியமப்படி அது 89-க்குக் குறையாதது. அதற்கு 92 போதும். 'உயர் ஒக்டேன்' எனக் குறித்திருப்பின் 95 ஊற்றுக.

மலையும் சமவெளியும்

6,000 அடிக்கு மேலுள்ள நுவரெலியாவில் காற்றமுக்கம் கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கே. அதனால் அங்கு இயந்திரத்தின் வலு குறையும். உலோக ஒலியும் எளிதில் எழாது. இதனை நம்பி, 95 வேண்டிய லொறிக்கு 92 ஊற்றலாகாது. அதே லொறி கொழும்பிலிருந்து உரமூட்டைகளுடன் திரும்பி, அவிசாவளை கடந்து கினிகத்தேனை ஏற்றத்தில் ஏறும்போது காற்று அடர்த்தியாகவும் வெப்பமாகவும் இருக்கும்; பாரமும் மிகும். தீங்கு நேர்வது அங்கேதான்.

கவனிக்க வேண்டியவை

1. ஏற்றத்தில் உலோக ஒலி கேட்டால் உடனே கீழ்க் கியருக்கு மாற்றுக, வேகத்தைக் கூட்டாதிருக்க.

2. சரியான பெற்றோல் ஊற்றியும் ஒலி நீடித்தால், தீப்பொறி நேரம், நீர்க் குளிராக்கி, உள்ளே படிந்த கரி ஆகியவற்றைச் சோதிப்பிக்க.

3. பெற்றோலுடன் மண்ணெண்ணெய் கலவாதிருக்க. அஃது ஒக்டேன் எண்ணை வெகுவாகக் குறைத்துவிடும்.

4. அளவுக்கு மிஞ்சிய பாரம் ஏற்றற்க. எந்தப் பெற்றோலும் அதற்கு ஈடு செய்யாது.